நெட் வரவில்லையா? லான் போர்ட்டின் விளக்கிலிருந்து தொடங்குங்கள்

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், சேரன்மகாதேவியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார். "நேத்து ராத்திரி இடி இடிச்சதுல இருந்து நெட்டு வரல தம்பி. ஒருத்தர் வந்து பாத்துட்டு, போர்டு போச்சு, புதுசுதான் போடணும்னுட்டாரு. நீங்க ஒருக்க பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மேசையில் வைத்து, கரண்ட் கொடுத்து, என்னிடம் இருந்த கேபிளைப் பின்னால் செருகினேன். லான் போர்ட்டின் ஓரத்தில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. நெட்டும் ஓடியது. இடியில் போனது மதர்போர்டு இல்லை, அவர் கடை ரவுட்டரில் இருந்த நான்கு ஓட்டைகளில் ஒன்று. "கடைக்குப் போயி வயரை அடுத்த ஓட்டையில மாத்திச் செருகுங்க அண்ணாச்சி" என்றேன். "அம்புட்டுதானா?" என்றவர் முகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

புது போர்டு என்றால் போர்டோடு முடியாது. பழைய பிராசசரும் ராமும் அதில் உட்காராமல் போனால் அதையும் சேர்த்து வாங்க வேண்டும். அதனால், எந்த இடத்தில் கோளாறு என்று உறுதியாகத் தெரியும்வரை பையில் இருந்து ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள். உங்களுக்கு என்ன அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் விளக்கு

மதர்போர்டிலேயே பதிந்து வரும் நெட்வொர்க் என்பது பெரும்பாலும் ரியல்டெக் அல்லது இன்டெல் நிறுவனத்தின் ஒரு சின்ன சிப். அதற்கும் பின்பக்க ஓட்டைக்கும் நடுவில் மின்சாரம் நேராகப் பாயாதபடி காக்கும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். சிப் வேலை செய்ய வேண்டுமா வேண்டாமா என்று, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் முடிவு செய்யும். விண்டோஸ் அதோடு பேச டிரைவர் வேண்டும். அப்புறம் கேபிள், ரவுட்டர். இந்த வரிசையில் எங்கே அறுந்தாலும் திரையில் நமக்குத் தெரிவது 'நெட் இல்லை' என்ற ஒரே செய்திதான்.

இதைப் பிரித்துக் காட்டுவது போர்ட்டில் இருக்கும் இரண்டு விளக்குகள். ஒன்று இணைப்பு இருக்கிறதா என்பதையும் எந்த வேகத்தில் என்பதையும் நிறத்தால் சொல்லும். மற்றொன்று தரவு போகும்போதும் வரும்போதும் மினுக்கும். எந்த நிறம் எந்த வேகம் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், மேனுவலில் படம் போட்டிருப்பார்கள். நிறம் நினைவில்லாவிட்டால் பரவாயில்லை. எரிகிறதா, மினுக்குகிறதா, இந்த இரண்டும் போதும்.

விளக்கு எரிந்தால் கேபிளும் போர்ட்டும் சிப்பும் ஏறக்குறைய உயிரோடு இருக்கின்றன, மென்பொருள் பக்கம் தேடுங்கள். எரியாவிட்டால் விண்டோஸில் எதையும் தொடாதீர்கள், கேபிளில் தொடங்குங்கள். விளக்கே எரியாத கம்ப்யூட்டரில் மூன்று முறை விண்டோஸ் போட்டுப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்க வீண்.

விளக்கே எரியவில்லை

கேபிளை மாற்றுங்கள். அதே கேபிளை ஒரு லேப்டாப்பில் செருகியும் பாருங்கள். ரவுட்டரில் வேறு ஓட்டைக்கு மாற்றுங்கள். இந்த மூன்றையும் செய்து முடிக்காமல் 'கேபிள் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லக்கூடாது. கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பின் நாக்கு ஒடிந்திருந்தால் கேபிள் செருகினது போலவே இருக்கும், ஆனால் உள்ளே முட்டாது. ஒரு கையால் உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு விளக்கைப் பாருங்கள். பிடித்தால் எரிந்து, விட்டால் அணைந்தால், கிளிப் மாற்றினால் போதும்.

அப்புறம் செல்போன் டார்ச்சை போர்ட்டுக்குள் அடியுங்கள். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் ஒரே மட்டத்தில், ஒரே சாய்வில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் அமுங்கியோ பக்கத்துக் கம்பியின்மேல் ஏறியோ இருந்தால் அதுதான் விஷயம். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் எவ்வளவு புழுதியைக் கொண்டுவரும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உவரி, இடிந்தகரை மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்டு கம்பியில் பச்சை படிந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். கரண்டை முழுக்க எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மெதுவாகத் துடையுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம். வளைந்த கம்பி ஒடிந்தால் திரும்ப வராது.

அதற்கும் எரியாவிட்டால் ஒரு எளிய வைத்தியம் இருக்கிறது. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, பவர் கார்டைப் பிடுங்கி, லான் கேபிளையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். மாயமந்திரம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் ஆஃப் ஆனாலும் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் லான் சிப்புக்குப் போய்க்கொண்டே இருக்கும். கரண்ட் விட்டு விட்டு வரும்போது சிப் குழம்பிய நிலையில் உறைந்துபோனால், அந்த மிச்ச மின்சாரத்தை வடித்தால்தான் புதிதாக எழும். கரண்ட் அடிக்கடி போய் வரும் ஊர்களில் இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

கடைசியாக பயாஸ். அங்கே லான் அணைக்கப்பட்டிருந்தாலும் விளக்கு எரியாமல் போகலாம். அது அடுத்த பகுதியில்.

விண்டோஸில் நெட்வொர்க் கார்டே காணோம்

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற இடத்தை விரித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று தெரியும்.

பெயர் இருந்து அதன்மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால், யாரோ விண்டோஸிலேயே அதை அணைத்திருக்கிறார்கள். ரைட் கிளிக், எனேபிள். முடிந்தது.

அந்தப் பெயர் இல்லாமல், 'அதர் டிவைசஸ்' என்ற இடத்தில் மஞ்சள் குறியோடு 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்று இருந்தால், சிப் நன்றாக இருக்கிறது, டிரைவர்தான் இல்லை. புதிதாக விண்டோஸ் போட்ட பிறகு இது வரும், அதுவும் புது போர்டில் பழைய விண்டோஸ் 10 போட்டால் அடிக்கடி வரும். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று மலைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் போனின் நெட் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அதை வைத்து மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான லான் டிரைவரை இறக்குங்கள். எந்த நிறுவனத்தின் சிப் என்று தெரியாவிட்டால் அந்த மஞ்சள் குறியை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடி என்று போங்கள். தொடக்கத்தில் 8086 என்று வந்தால் இன்டெல். 10 என்ற எண்ணும் தொடர்ந்து ஈ, சி என்ற ஆங்கில எழுத்துகளும் வந்தால் ரியல்டெக். கண்ட கண்ட 'டிரைவர் பேக்' மென்பொருள்களை இறக்காதீர்கள். ஒரு டிரைவருக்கு ஆசைப்பட்டு நாலு வைரஸை வீட்டுக்குள் கூப்பிட்ட கதையாகிவிடும்.

எதுவுமே இல்லை, மஞ்சள் குறிகூட இல்லை என்றால் பயாஸைத் திறக்க வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே டெலிட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில பிராண்ட் கம்ப்யூட்டர்களில் எஃப்2, எஃப்1, எஃப்10 என்று மாறும். உள்ளே போனதும், எதையும் மாற்றுவதற்கு முன்னால், ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பயாஸில் தெரியாமல் மாற்றிய ஒரு வரியால் விண்டோஸே ஏறாமல் போன கம்ப்யூட்டர்கள் வாரத்துக்கு ஒன்றாவது வருகின்றன.

லானுக்கான இடம் ஒவ்வொரு போர்டிலும் வேறு பெயரில் இருக்கும். ஆசுஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் 'ஆன்போர்டு டிவைசஸ் கான்ஃபிகரேஷன்'. எம்எஸ்ஐயில் செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்டு, அதற்குள் 'இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ்'. ஜிகாபைட் போர்டுகளில் பெரும்பாலும் 'பெரிஃபெரல்ஸ்' என்ற பக்கம். அங்கே 'ஆன்போர்டு லான்' அல்லது 'லான் கன்ட்ரோலர்' என்ற வரி இருக்கும். அது 'டிசேபிள்டு' என்று இருந்தால் 'எனேபிள்டு' ஆக்கி, எஃப்10 தட்டி, சேமித்து வெளியே வாருங்கள்.

ஏற்கெனவே 'எனேபிள்டு' என்றிருந்தும் விண்டோஸில் தெரியவில்லையா? ஒருமுறை 'டிசேபிள்டு' ஆக்கிச் சேமித்து, விண்டோஸ் வரை போய், திரும்ப வந்து 'எனேபிள்டு' ஆக்குங்கள். அதற்கும் வராவிட்டால், மேலே சொன்ன அரை நிமிட பவர் பட்டன் வைத்தியம். அதற்கும் வராவிட்டால் சிப் போயிருக்க வாய்ப்பு அதிகம், இடி பற்றிய பகுதிக்குப் போங்கள்.

ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'செக் கேபிள்' என்று நிற்கிறது

வெள்ளை எழுத்தில் 'பிஎக்ஸ்இ-ஈ61: மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்' என்று வரும். படித்ததும் எல்லோரும் லான் கேபிளைப் பிடித்து ஆட்டுவார்கள். கேபிளுக்கும் உங்கள் பிரச்சினைக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை.

பிஎக்ஸ்இ என்பது ஹார்ட் டிஸ்க் இல்லாமல் நெட்வொர்க் வழியாகவே கம்ப்யூட்டரை எழுப்பும் முறை. கல்லூரி லேப்களில் ஒரே நேரத்தில் ஐம்பது கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் போட உதவும், வீட்டுக்குத் தேவையில்லை. அது முன்னால் வந்து நிற்கிறது என்றால் ஒன்று பூட் வரிசையில் நெட்வொர்க் மேலே ஏறியிருக்கிறது, அல்லது கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் கண்ணில் படவில்லை. இரண்டாவதைத்தான் கவனிக்க வேண்டும். பயாஸில் உங்கள் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அதன் கேபிளையோ டிஸ்க்கையோ பாருங்கள், முக்கியமான கோப்புகள் இருந்தால் அவசரம். தெரிந்தால், பூட் வரிசையில் அதை முதலில் வைத்து, 'நெட்வொர்க் ஸ்டாக்', 'லான் ஆப்ஷன் ரோம்' என்ற வரிகளை 'டிசேபிள்டு' ஆக்குங்கள். இவற்றை அணைப்பதால் விண்டோஸில் நெட் போய்விடாது. அந்த வரிகள் பூட் ஆகும் நேரத்துக்கு மட்டும்தான். 'ஆன்போர்டு லான்' வரியை மட்டும் தொடாதீர்கள்.

விளக்கு எரிகிறது, ஐபி 169.254 என்று வருகிறது

கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுத்தால் ஐபி எண் தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் ரவுட்டரிடம் முகவரி கேட்டது, பதில் வரவில்லை, தானாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். மதர்போர்டுமேல் சந்தேகப்பட வேண்டாம். ரவுட்டரை ஆஃப் செய்து ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள், கேபிள் ரவுட்டரில் வெளியிலிருந்து நெட் வரும் 'வான்' ஓட்டையில் தவறாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரில் ஓட்டையை மாற்றியும் பாருங்கள்.

ஐபி சரியாக இருந்தும் தளங்கள் திறக்காவிட்டால் அதே கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பிங் 8.8.8.8' என்று கொடுங்கள். பதில் வந்தால் நெட் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் தகராறு. அடாப்டர் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள்.

300 எம்பிபிஎஸ் பிளான், 94க்கு மேல் ஏறவில்லை

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. எண்ணே துப்புக் கொடுத்துவிடும். ஸ்பீட் டெஸ்ட் எத்தனை முறை ஓட்டினாலும் 93, 94, 95 என்று நின்றால், உங்கள் லான் 1000 எம்பிபிஎஸ்ஸுக்குப் பதிலாக 100-இல் பேசிக்கொண்டிருக்கிறது. நெட் கம்பெனிக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8 ஆகியவற்றில் ஒரு கம்பி அறுந்தாலும் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டில் இப்படித்தான். மாடியில் இருந்த கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கி ஒரு மாதம். லான் மெதுவாக இருக்கிறது என்று விண்டோஸ் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. நான் போனதும் கேபிளின் முனையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். கிளிப் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், உள்ளே இருப்பது அப்படியே தெரியும். ஏழு செம்பு முனைகள் வரிசையாக கிளிப்பின் சுவரில் முட்டிக்கொண்டு மின்னின. எட்டாவது, பழுப்புக் கம்பி, ஒரு நெல்மணி அளவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டிருந்தது. அதன்மேல் இறங்க வேண்டிய பித்தளைப் பல் வெறும் காற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. முனையை வெட்டி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று அடுக்கி, மட்டமாக நறுக்கி, புது கிளிப் அடித்தேன். போர்ட்டில் விளக்கின் நிறம் மாறியது. அடுத்த ஸ்பீட் டெஸ்ட்டில் 290-ஐத் தாண்டியது.

பழைய வீடுகளில் இன்னொன்றையும் பாருங்கள். ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்து நான்கு நான்கு கம்பியாக இரண்டு அறைக்குக் கொடுத்திருப்பார்கள். 100 எம்பிபிஎஸ் காலத்தில் அது சரி. இப்போது புதுக் கேபிள் இழுப்பதைத் தவிர வழியில்லை. கேட் 5இ போதும், 100 மீட்டருக்குள் இருக்கட்டும். மொட்டை மாடி வழியாகப் போனால் பைப்புக்குள் விடுங்கள், வெயில் தோலை உரித்துவிடும், அணில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் அட்வான்ஸ்டு பக்கத்தில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' என்ற வரியும் இருக்கிறது. அது 'ஆட்டோ நெகோஷியேஷன்' என்றே இருக்க வேண்டும். யாராவது '100 ஃபுல்' என்று வைத்திருந்தால் கேபிள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு மேல் போகாது.

ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் நெட் இல்லை, ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது

அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்', 'கிரீன் ஈதர்நெட்' இரண்டையும் அணையுங்கள். ஷட்டவுன் செய்து ஆன் செய்தாலும் இதே கதை என்றால், விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணையுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான், ரீஸ்டார்ட்தான் முழுதாக எழுப்புகிறது.

வேறு இடத்திலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பும் 'வேக் ஆன் லான்' வேலை செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு: பயாஸில் 'ஈஆர்பி' என்ற வரி 'எனேபிள்டு' என்றிருந்தால் ஆஃப் ஆனதும் லான் சிப்புக்கு மின்சாரம் போகாது. அதை அணைத்து, பிசிஐ-இ வழியாக எழுப்பும் வரியைப் போடுங்கள்.

ஒவ்வொரு காலையும் தேதி மாறுகிறது, பாதுகாப்பான தளங்கள் திறக்கவில்லை

போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் நம்பாது, 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று நிறுத்திவிடும். நெட் நன்றாகவே இருக்கும். 3 வோல்ட் பேட்டரி, பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். மாற்றுமுன் பயாஸ் போட்டோ எடுத்துவிட்டீர்கள்தானே? பேட்டரியைக் கழற்றினால் எல்லா அமைப்புகளும் தொடக்க நிலைக்குப் போகும். சாட்டா முறை, பூட் முறை மாறினால் விண்டோஸ் ஏறாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் முன்பே எடுத்து வையுங்கள்.

இடிக்குப் பிறகு லான் மட்டும் போச்சு

தாமிரபரணிக் கரையில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் இடியோடுதான் வரும். மின்னல் நேராக வீட்டில் விழ வேண்டியதில்லை. மாடிவழியாகவோ கம்பத்திலிருந்தோ வரும் செம்புக் கேபிளில் தூண்டப்படும் மின்சாரமே போதும். அந்தக் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் சுமார் 1500 வோல்ட் வரை தடுக்கும்படி செய்யப்பட்டது, மின்னலுக்கு அது ஒன்றுமே இல்லை. வெளியிலிருந்து ஃபைபர் வந்தால் அதில் மின்சாரம் ஓடாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக வந்து, மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் செம்புக் கேபிளில் இறங்கும். ஆகவே இடிக்கு முன் பவர் கார்டோடு லான் கேபிளையும் பிடுங்குங்கள். பலர் முதலாவதை மட்டும் பிடுங்குகிறார்கள்.

போய்விட்டது என்று உறுதியானால், மற்றதெல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் போர்டை மாற்ற வேண்டாம். பயாஸில் ஆன்போர்டு லானை 'டிசேபிள்டு' ஆக்குங்கள், ஏனென்றால் பாதி வெந்த சிப் கம்ப்யூட்டர் எழுவதையே தாமதப்படுத்தும். பிறகு ஒரு பிசிஐ-இ லான் கார்டோ யூஎஸ்பி லான் அடாப்டரோ போடுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். சிப் இருக்கும் இடம் கருகியிருந்தாலோ தொட்டால் சுட்டாலோ அந்த போர்டை ஓட்டாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நனைந்து, காயவைத்துப் பிழைத்த போர்டுகளுக்கும் இதேதான். போர்ட்டில் துரு தெரிந்தால் லானை மட்டும் அணைத்து கார்டு போட்டுக்கொள்ளலாம், பலகையில் பச்சை பூத்துப் பரவியிருந்தால் கோப்புகளை முதலில் எடுத்துவிடுங்கள்.

புது கார்டு போட்டும், விளக்கு எரிந்தும், ரவுட்டர் இல்லாமல் நேராக கேபிள்காரரின் வயரைச் செருகியவர்களுக்கு நெட் வராமல் போகலாம். சில ஊர்களில் நெட் கொடுப்பவர்கள் உங்கள் பழைய லானின் மேக் எண்ணை, அதாவது அதன் அடையாள எண்ணை, பதிந்து வைத்திருப்பார்கள். புது கார்டுக்கு எண் வேறு. கமாண்ட் பிராம்ப்ட்டில் 'கெட்மேக்' கட்டளை கொடுத்து வரும் பன்னிரண்டு எழுத்து எண்ணை அவருக்குப் போனில் வாசித்துக் காட்டுங்கள். பழையதை நீக்கிப் புதியதை ஏற்றியதும், கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகினால் போதும்.